ரத்தத்தில் எச்.ஐ.வி தெரியாத அளவுக்குக் குறைஞ்சுட்டா கருப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்ட் வேண்டாமா?
அண்ணே, ‘எச்.ஐ.வி-யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் எச்.ஐ.வி தெரியாத அளவுக்கு வந்துவிட்டால் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையே தேவையில்லை’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. மாத்திரை எதிர்ப்புசக்தியைத் தூக்கிவிடும், ஆபத்தும் குறையும், ஆனால் இந்தப் புற்றுநோயைக் கொண்டுவருவது எச்.பி.வி என்கிற வேறொரு வைரஸ், அதை ஏ.ஆர்.டி கொல்லாது. எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 6 மடங்கு அதிகம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டுதலில் மற்ற பெண்களுக்கு 30 வயது என்றால், இவர்களுக்கு 25 வயதிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறது, எச்.பி.வி டெஸ்ட் என்றால் 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை.

மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போகும் ஒரு அக்கா எனக்குத் தெரியும். மாத்திரைக்காக மாசம் தவறாமல் காலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போய்வருவார், எட்டு வருஷமாக ஒருவர்கூட இந்த டெஸ்டைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு முகாமில் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பது) தடவிப் பார்த்தபோது வெள்ளையாகத் திட்டு தெரிந்தது. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலைதான், சின்னச் சிகிச்சையோடு முடிந்தது (கூச்சத்தில் பாதி வழியில் திரும்பப் பார்த்தார், அது தனிக்கதை).

உங்கள் பதிவைப் படித்திருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார். அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.