பின்மண்டை எடுக்கத்தானா இவ்வளவு பெரிய கேமரா?

போராட்ட ஊர்வலத்துக்கு வந்தது ஐந்நூறு பேர். செய்திக்குப் படம் எடுக்கப் புதிதாகக் கேமரா தூக்கியவர் அனுப்பியது நானூறு படம். திறந்து பார்த்தால் முந்நூறில் பின்மண்டை, மீதி நூறில் கொடிக்கம்பு. ஒரு முகம் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வழுக்கைத் தலையில் வெயில் பளபளப்பது அத்தனை ஷார்ப்! லென்ஸ் விலை அப்படி.

ஏன் என்று கேட்டால், "செம கூட்டம், முன்னால போகவே முடியல" என்கிறார்கள். எப்படி முடியும்? கிளம்பிப் போய்விட்ட ஊர்வலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கடைசிவரை முதுகுதான். அறிவித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்க என்ன கேடு? தட்டியில் மை காய்வதற்குள் ஊதிக்கொண்டிருப்பார்கள், பேனருக்குக் கம்பு செருகுவார்கள், முதல் வரிசையில் யார் நிற்பது என்று சின்னதாகச் சண்டை நடக்கும். நாளின் நல்ல படங்களில் பாதி அங்கேயே இருக்கும். எந்தத் தெரு வழியாகப் போகிறார்கள், எங்கே முடிக்கிறார்கள் என்று ஏற்பாடு செய்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். பாதை தெரிந்தால் குறுக்குச் சந்தில் புகுந்து 200 மீட்டர் முன்னால் போய் நின்று, வருகிறவர்களை முகத்துக்கு நேராக எடுக்கலாம். வரிசை உங்களைத் தாண்டியதும் மறுபடி ஓட்டம். ஒரு ஊர்வலத்துக்கு நாலைந்து தடவை இப்படி ஓட வேண்டியிருக்கும். வழியில் ஒரு மாடிப்படியோ நடைமேம்பாலமோ இருந்தால் ஏறி மொத்தக் கூட்டத்தையும் ஒரு படம். அவ்வளவுதான் வித்தை. இதற்குக் கேமராவை விட நல்ல செருப்பு முக்கியம்... செருப்பு கூட வேண்டாம், கணுக்காலை மூடுகிற ஷூ போடுங்கள்.

அடுத்த கொடுமை அந்த 70-200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். நடைபாதையில் சாய்ந்து நின்றுகொண்டு, தூரத்திலிருந்தே ஜூம் பண்ணிச் சுடுவது. 200 மில்லிமீட்டரில் நாற்பது பேர் நானூறு பேராகத் தெரிவார்கள், பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனின் தோளில் ஒட்டிக்கொள்வான். அது கூட்டத்தின் அளவைப் பற்றிய பொய். 24 அல்லது 28 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு மீட்டருக்குள் போங்கள். கோஷம் போடுகிறவரின் கழுத்து நரம்பு புடைப்பதும் அவருக்குப் பின்னால் தெரு நிரம்பியிருப்பதும் ஒரே படத்தில் வரும். முழு ஃபிரேம் கேமராவில் (சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு இருப்பது) 28 லென்ஸ், அபெர்ச்சர் என்கிற லென்ஸ் துளை f/8, ஃபோகஸை மூன்றரை மீட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை எல்லாமே தெளிவு. ஆட்டோஃபோகஸ் கொடியைப் பிடித்துவிட்டது, தலையைப் பிடித்துவிட்டது என்ற புலம்பலுக்கே இடமில்லை.

மேனுவல் மோடில் எடுத்தால்தான் ப்ரொஃபஷனல் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. வெயிலிலிருந்து கட்டட நிழலுக்கு ஊர்வலம் நுழைகிற அந்தப் பத்து வினாடியில் டயலைத் திருகிக்கொண்டு நிற்பார்கள், படம் போய்விடும். ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் நீங்கள் வையுங்கள், ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விடுங்கள், உச்சவரம்பு 6400. நடப்பவர்களுக்கு 1/250 வினாடி போதும். வீசுகிற கைக்கு 1/500. ஓட ஆரம்பித்தால் 1/1000-க்குக் குறையக் கூடாது. வெள்ளைப் பேனர் ஃபிரேமை அடைத்தால் கேமராவின் ஒளிமீட்டர் ஏமாந்து முகத்தை இருட்டடிக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1-க்கு ஏற்றுங்கள். பேனர் தாண்டியதும் இறக்குங்கள். இறக்க மறந்துவிட்டு, வெளுத்துப்போன நூறு படத்தோடு வருகிறவர்கள் தனி ரகம்.

ஷட்டரில் வைத்த விரலை எடுக்கவே மாட்டேன் என்கிற ரகம் இன்னொன்று. வினாடிக்கு 20 படம், ஐந்து வினாடி அமுக்கினால் 100 படம். கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பி, கார்டில் எழுதும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் போலீஸ் தடுப்பு சாயும். கேமரா அசையாது. மூன்று நான்காக விட்டுவிட்டு எடுங்கள். தட்டி பிடித்திருப்பவர் அதை முகத்துக்கு நேரே தூக்குவார். கை வலித்துக் கொஞ்சம் இறக்கும்போது கண்ணும் எழுத்தும் சேர்ந்து தெரியும். அதற்கு அரை நிமிடம் பொறுக்க முடியாதா? பேனரில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வெட்டிவிட்டு அனுப்பினால் படிப்பவன் ஜோசியமா பார்ப்பான்?

இதற்கெல்லாம் மேலே, வளையம். உருவபொம்மைக்குத் தீ வைத்தால் போதும், கேமராக்காரர்களே சுற்றி நின்று அடைத்துவிடுகிறார்கள். பொம்மையோடு நிற்பவர் ஆறு பேர், எடுப்பவர் பதினைந்து பேர். அதில் ஒருவர், "அண்ணே, இன்னொரு தடவை கையைத் தூக்கிக் கத்துங்க" என்பார். அந்த வினாடியோடு அது செய்திப்படம் இல்லை, கல்யாண ஆல்பம்! நடப்பதை எடுப்பதுதான் வேலை, நடத்திவைப்பது இல்லை. எடுத்த பிறகும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். 2006-இல் லெபனானின் பெய்ரூட் நகரப் படமொன்றில் புகையை குளோன் செய்து, அதாவது இருக்கிற புகையையே நகலெடுத்து ஒட்டி, கூட்டினார் நிரந்தர வேலையில் இல்லாத ஒரு ஃப்ரீலான்ஸர். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து தூக்கிவிட்டது. 2015 நவம்பரில், ரா ஃபைலிலிருந்து (சென்சார் பதிந்த பதப்படுத்தாத மூலம்) மாற்றிய படம் வேண்டாம், கேமராவிலேயே ஜேபெக்காகப் பதிவானதை அனுப்புங்கள் என்று ஃப்ரீலான்ஸர்களுக்குச் சொல்லிவிட்டது. நம் ஆள் என்னடாவென்றால் வானத்தைக் கறுப்பாக்கி, விளிம்பை இருட்டாக்கி, கறுப்பு வெள்ளையும் ஆக்கிக் கொண்டுவருகிறார்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேப்ஷன்? ஃபைல் பெயர் டிஎஸ்சி 4471, கீழே "போராட்டத்தில் ஒரு பெண்". ஐயா சாமி, பெண் என்று எங்களுக்கும் தெரிகிறது! யார், என்ன செய்கிறார், எந்த இடம், எந்த நாள், எதற்காகக் கூடினார்கள். இந்த ஐந்தும் இல்லாத படத்தை எந்தப் பத்திரிகை டெஸ்க்கும் பக்கத்தில் போடாது. பெயர் கேட்கக் கூச்சமாம். முகத்துக்கு இரண்டடியில் லென்ஸை நீட்டக் கூச்சம் இல்லை, பெயர் கேட்கத்தான் கூச்சம். சட்டைப்பைக்குள் அடங்குகிற நோட்டு ஒன்று, மழையில் கரையாத பேனா ஒன்று. படம் எடுத்ததும் நோட்டை அவரிடமே நீட்டுங்கள். பெயர், வயது, ஊர், தொழிலை அவர் கையாலேயே எழுதட்டும். எழுத்துப்பிழை வராது. அந்தப் பக்கத்தையும் உடனே ஒரு படம் எடுத்துவிட்டால், கார்டில் முகத்துக்கு அடுத்த படமாகப் பெயர் உட்கார்ந்திருக்கும். நோட்டு தொலைந்தாலும் பயமில்லை. பெயர் சொல்ல மாட்டேன் என்றாலோ முகத்தை மூடியிருந்தாலோ ஏன் என்று கேளுங்கள், வேலை போகும் என்றால் நம்புங்கள்.

நிலைமை சூடானால் போலீஸ் வரிசைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று வீரம் காட்ட வேண்டாம். கல்லும் அங்கேதான் விழும், தடியும் அங்கேதான் விழும். ஓரமாக, முதுகுக்குச் சுவர், தப்பிக்க இரண்டு வழி. கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு கண்ணீர்ப்புகைக்குள் போகாதீர்கள். கண்ணைக் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காற்று வரும் பக்கமாக நகருங்கள். ஹெல்மெட் கனமாக இருக்கிறது என்பவர்களிடம் பேச ஒன்றுமில்லை.

முடிந்ததும் பத்துப் படம் அனுப்பினால் போதும், நானூறு வேண்டாம். அதற்கு முன்னால் ஒன்று, கேமராவில் தேதி, மணி பார்த்தீர்களா? இரண்டு கேமரா வைத்திருக்கிறீர்கள், ஒன்று பன்னிரண்டு மணி என்கிறது, இன்னொன்று விடியற்காலை நாலரை என்கிறது. தடியடிக்கு அப்புறம் கல் விழுந்ததா, கல் விழுந்த அப்புறம் தடியடியா என்று நாளைக்கு யாராவது கேட்டால் எந்தக் கேமராவைக் காட்டுவீர்கள்?