இடித்துக் கட்டுவதைச் ‘சீரமைப்பு’ என்று எழுதாதீர்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் என் அத்தை வாடகைக்கு இருந்த பழைய கடைவீட்டுக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மலாயில் ‘பீனா செமூலா’. கீழே தமிழில் ‘சீரமைப்புப் பணி’. அத்தை மலாய் பேசுவார், படிப்பது தமிழ்தான். ஈரம் ஊறிய அடுப்படிச் சுவரைப் பூசப் போகிறார்கள் என்று நினைத்து, சட்டிபானைகளை மட்டும் முன்னறைக்கு மாற்றி வைத்தார். பத்தாம் நாள் போனால் அடுப்படியே இல்லை. “சீர் பண்றேன்னுதானேடா போட்டிருந்தான்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மலாயில் பழுது நீக்கி மீட்பது ‘பாய்க் பூலே’, மாற்றியமைப்பது ‘உபா சுவாய்’, திரும்பக் கட்டுவது ‘பீனா செமூலா’. தமிழில் மூன்றுக்கும் சீரமைப்பு என்றே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் முன்னால் ஒரு ‘மறு’ சேர்த்து மறுசீரமைப்பு. சீர் என்பது நல்ல சொல். அதனால்தான் இடிப்பதையும் அதற்குள் ஒளிக்க முடிகிறது.

தமிழுக்கா சொல் பஞ்சம்? கொத்தனாரிடம் கேளுங்கள். “ஓட்டைப் பிரிச்சு அடுக்கணும்”, “சுவரைக் கொத்திப் பூசணும்”, “இடிச்சுக் கட்டணும்” என்பார். பிரித்து, கொத்தி, இடித்து என்று முதலில் வரும் எச்சமே வீட்டுக்கு என்ன நடக்கப் போகிறது என்று சொல்லிவிடுகிறது.

இங்கே அந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ஜார்ஜ்டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். பழைய கடைவீடுகளின் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு கண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் நடக்கும்போது அந்த வெள்ளைப் பொடி சட்டையில் ஒட்டும். சிமெண்டைக் கொத்தி எடுத்து, செங்கலைக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசுவதற்குப் பெயர் செப்பனிடுதல். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்கட்டைத் தள்ளிவிடுவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

கோயில் விஷயத்தில் மட்டும் நாம் கவனமாக இருக்கிறோம். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. அதுபோன்ற கோயிலில் வேலை என்றால் திருப்பணி என்கிறோம். முதலில் பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதி செய்து அம்மனை அதில் எழுந்தருளச் செய்வோம், அப்புறம்தான் உளி எடுப்பார்கள், முடிந்தால் குடமுழுக்கு. எது எப்போது என்று பக்தர் எல்லாருக்கும் தெரியும். குடியிருக்கும் மனுஷருக்கும் அது தெரிய வேண்டாமா?

போன வாரம் பக்கத்துத் தெரு அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கக் கேட்டு வந்தார்கள். ‘பின்கட்டை இடித்துக் கட்டப் போகிறோம். சாமான்களை முழுவதும் காலி செய்யவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் நாகரிகமாக மாற்றலாமே என்றார்கள். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.