செப்டிக் டேங்க் லாரிக்குக் காசு எங்கே கைமாற வேண்டும்?

பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் பேரூராட்சிகளில் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கும் பேச்சு. வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பெரும்பாலான சிறு ஊர்களுக்கு அது இப்போதைக்கு வரப்போவதில்லை. அதுவரை ஊரின் கழிவு முழுக்க செப்டிக் டேங்கிலும் லாரியிலும்தான் இருக்கிறது. அவை இரண்டையும் ஒழுங்குபடுத்துவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் தொட்டி. நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்ற பெயரில் இருப்பவற்றில் பல, சிமெண்ட் உறைகளை அடுக்கி, அடித்தளம் போடாமல் விட்ட குழிகள். கழிவுநீர் அப்படியே மண்ணுக்குள் இறங்கும், பக்கத்து போர்வெல்லுக்கும் போகும். "பத்து வருஷமா நிரம்பவே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் தொட்டி ஒழுகுகிறது என்றுதான் பொருள்.

ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு, செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2470 சொல்லும் அளவு ஒன்றும் பெரிதில்லை. நீளம் 1.5 மீட்டர், அகலம் 75 செ.மீ., தண்ணீர் நிற்கும் ஆழம் சுமார் 1 மீட்டர், அதற்கு மேல் 30 செ.மீ. காலி இடம். கொள்ளளவு 2,000 லிட்டரைத் தாண்டினால் நடுவே சுவர் எழுப்பி இரண்டு அறையாக்க வேண்டும். முதல் அறை இரண்டாவதைப் போல் இரு மடங்கு. வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கணும், இரண்டிலும் 'டி' (T வடிவக் குழாய் இணைப்பு) மாட்டி நீருக்குள் இறக்கணும். பல மேஸ்திரிகள் விட்டுவிடுவது இந்த 'டி'யைத்தான். அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் கசடு நேராக வெளியேறி, தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியை அடைத்துவிடும். அப்புறம் "தொட்டி சரியில்லை" என்று அதில் ஆசிட் ஊற்றுவார்கள். கசடை மட்கச் செய்யும் நுண்ணுயிர் செத்து, நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்தத் தொட்டியில் சேரும் கசடை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். நாம் எப்போது லாரியைக் கூப்பிடுகிறோம்? கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வரும்போது! அதற்குள் அடிக்கசடு இறுகிவிட்டிருக்கும். குழாயை விட்டால் மேல் தண்ணீர் மட்டும் ஏறும். திறப்பு மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் அதை உடைக்க ஒரு மணி நேரம். இந்த இடத்தில்தான் "ஒரு ஆளை இறக்கிக் கிளறிவிடலாம்" என்ற யோசனை வருகிறது. தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. இன்னும் சில மடங்கு கூடினால் சில நிமிடங்களில் மயக்கம், மரணம். தூக்கப்போனவரும் விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அவசரத்துக்கு மட்டுமே லாரியைக் கூப்பிடும் வழக்கம் இருக்கும்வரை அந்த யோசனையும் வந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து லாரி. உறிஞ்சி முடித்ததும் வீட்டுக்காரர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் லாரிக்காரருக்கு டீசல் நஷ்டம். சுத்திகரிப்பு நிலையம் 20 கி.மீ. தள்ளி, ஓடை 2 கி.மீ.யில் என்றால் எங்கே கொட்டுவார்? தமிழ்நாட்டில் இப்போது லாரிக்கு உரிமம் வேண்டும், கண்ட இடத்தில் கொட்டினால் அபராதம் உண்டு, 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடைக்கரையில் எந்த அதிகாரி நிற்கப்போகிறார்? கூலி, நிலையத்தின் வாசலில் கசடை இறக்கிய பிறகு கைமாற வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் முதல் சீர்திருத்தம்.

இது கற்பனை இல்லை. மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் வாய் என்றொரு சிறு நகராட்சி. அங்கே மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுத் தொட்டியிலும் முறைவைத்துக் கசடு எடுக்கிறார்கள். வீட்டில் தனியாகக் காசு வாங்குவதில்லை. வரியிலிருந்து, செய்த வேலைக்கு ஏற்ப நகராட்சியே ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறது.

நம் ஊருக்குக் கணக்குப் போடுவோம். தொட்டி உள்ள வீடு 10,000 என்றால் வருடத்துக்கு 3,333. வடகிழக்குப் பருவமழை மாதங்களை ஒதுக்கி 250 வேலைநாள் வைத்தால் நாளைக்குப் பதின்மூன்று சொச்சம். ஒரு லாரி நாளைக்கு மூன்று, நான்கு நடை போகும். நான்கு லாரி போதும், பழுதுக்கு ஒன்று கூடுதல். தொட்டிக்குச் சராசரியாக 4,000 லிட்டர் என்றால் நிலையம் தினமும் சுமார் 53,000 லிட்டர் வாங்கணும். ஒரு நடைக்கு 2,000 ரூபாய் என்று வைத்தாலும், மூன்று வருடத்துக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 56 ரூபாய். கேபிள் டிவிக்கே அதைவிட அதிகம் கட்டுகிறோம்.

நிலையமும் பெரிய விஷயமில்லை. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-லேயே ஒன்று வந்துவிட்டது. பக்கத்து மதுராந்தகத்தின் கசடும் அங்கேதான் போகிறது. மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்படுகையில் கசடை ஓர் அடிக்குள் பரப்பினால் நல்ல வெயிலில் இரண்டு வாரத்துக்குள் காய்ந்துவிடும். கூரை போடாமல் விட்டால் ஒரே மழையில் மறுபடி சேறு. மழை மாதங்களை ஒதுக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலத்தடி நீர் மேலேறி இருக்கும்போது தொட்டியை முழுக்கக் காலி செய்தால் வெளி அழுத்தத்தில் செங்கல் சுவர் விரிசல் விடும், பிளாஸ்டிக் தொட்டி மேலே எழும்பிவிடும். பொங்கல் முடிந்து தாழ்வான தெருக்களில் ஆரம்பித்தால், ஐப்பசிக்குள் வெள்ளம் நிற்கும் பகுதிகளை முடித்துவிடலாம்.