சொல்லுக்கு எவ்வளவு என்பதோடு நிற்க வேண்டாம்

ஃப்ரீலான்ஸாக எழுதுகிறவர்கள் ஒரு சொல்லுக்கு எவ்வளவு பணம் கேட்கலாம் என்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன், நன்றாகவே விளக்குகிறது. எழுதியதன் உரிமை யாருக்கு என்பது பற்றித்தான் அதில் ஒரு வரிகூட இல்லை. பணம் கைநழுவுவது அங்கேதான்.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையாக இல்லாமல் தனியாக எழுதிக்கொடுக்கும் கட்டுரைக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. வேறு ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் மாறும். உரிமையை எழுதிக்கொடுக்கக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19ஆவது பிரிவு. அதனால்தான் கட்டுரையை வாங்கும் நிறுவனத்தார் ஒப்பந்தத்தில் ‘உலகெங்கும், நிரந்தரமாக’ என்று ஒரு வரியைச் செருகிவிடுகிறார்கள். அப்படியே கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அவர்கள் அதே கட்டுரைகளை நூலாகத் தொகுத்து விற்றாலும் பங்கு கேட்க வழியில்லை. தயங்காமல் அந்த வரியை அடித்துவிட்டு, ‘முதல் வெளியீட்டு உரிமை, இணையத்தில் 1 ஆண்டு’ என்று எழுதி அனுப்புங்கள். கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும், பிறகு பேரம் பேச கையில் எதுவும் இருக்காது.

வரி விஷயத்தையும் கவனியுங்கள். நீங்கள் அனுப்பும் பில்லில் பான் எண் கட்டாயம். ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10% டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். பான் இல்லையென்றால் 20%. பிடித்த தொகை வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். ஏறாவிட்டால் ரீஃபண்ட் சிக்கிக்கொள்ளும்.