உறுமும் நாயைப் புரட்டிப் போடாதீர்கள்

"மீட்டு வந்த நாய் உறுமினால் மல்லாக்கப் புரட்டி அழுத்துங்கள், யார் தலைவர் என்று அதற்குப் புரியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். முகத்தில் கடி வாங்க இதைவிடச் சுருக்குவழி கிடையாது.

இந்தத் 'தலைவர்' கதை, விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்குப் போட்டியிடுவதாக 1947-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று திருத்தி எழுதினார். அதுவும் ஓநாயைப் பற்றி. நம் பேச்சோ நாயைப் பற்றி!

உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும்; அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கலாம். சாப்பிடும்போது உறுமுகிறதா? தட்டைப் பிடுங்காதீர்கள். அது பதறாத தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை எறிந்துவிட்டு நகருங்கள். நாள்கள் போகப் போக, நீங்கள் நெருங்குவதையே அது எதிர்பார்க்கத் தொடங்கும். இதற்கு வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

உறுமல் திடீரென்று தொடங்கியிருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலியைப் பயிற்சியால் தீர்க்க முடியாது.