2011 தீர்ப்பு தடை விதிக்கவில்லை

வீடியோ கேம் வன்முறையைப் பேசும் புதிய நாடகத்தை ஒட்டி, சிறுவர்களுக்கு வன்முறை கேம்களை விற்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தது என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். நண்பர்களே, நடந்தது நேர்மாறானது. அந்த விற்பனையைத் தடுக்கக் கலிஃபோர்னியா 2005-இல் இயற்றிய சட்டத்தைத்தான், பேச்சுரிமைக்கு முரணானது என்று 2011 ஜூன் 27 அன்று 7–2 என்ற கணக்கில் நீதிமன்றம் செல்லாததாக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, குழந்தைக் கதைகளிலேயே கொடூரம் உண்டு என்பதற்கு, சூனியக்காரியை அடுப்பிலிட்டுக் கொல்லும் ஹான்சல், கிரெட்டலைக் காட்டுகிறார். அவசியம் படிக்க வேண்டிய பகுதி அது. உச்ச நீதிமன்ற இணையதளத்தில் 08-1448 என்ற வழக்கு எண்ணைத் தேடுங்கள். முழுத் தீர்ப்பும் இலவசமாகக் கிடைக்கும். தொடக்கத்திலுள்ள சுருக்கத்தைப் படித்தாலே விவரம் தெரிந்துவிடும்.