கேபிலரி குழாய் உடைந்தால் ஹீட்டர் நிற்காது

"தெர்மோஸ்டாட் குழாய் உடைந்தால் கீசர் தானாக ஆஃப் ஆகிவிடும், அதனால் கட்-அவுட்டை எடுத்துவிட்டு டைரக்டாக ஜாயின்ட் போடலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் கட்-அவுட்டை (சூடு எல்லை மீறினால் கரன்ட்டைத் துண்டிக்கும் தனிப் பாதுகாப்பு ஸ்விட்சை) எடுக்காதீர்கள், நடப்பது நேர் எதிர்.

கேபிலரி வகை தெர்மோஸ்டாட்டில் விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குப்பி, அதிலிருந்து கம்பி மாதிரி மெல்லிய குழாய் (இதுதான் கேபிலரி), அதன் மறுமுனையில் சின்ன உலோகச் சவ்வு, மூன்றிலும் காற்றே இல்லாமல் திரவம் நிரம்பியிருக்கும். குப்பி சூடானால் திரவம் விரியும், போக வேறு வழியில்லாததால் சவ்வைத் தள்ளும், சவ்வு ஸ்விட்சைத் தள்ளி கரன்ட்டைத் துண்டிக்கும். நாம் திருகும் குமிழ் அந்தச் சவ்வு எவ்வளவு நகர்ந்தால் ஸ்விட்ச் விழ வேண்டும் என்பதை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

சரி, குழாயில் விரிசல் விழுந்து திரவம் ஒழுகிவிட்டால்? தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஸ்விட்சின் காண்டாக்ட் ஒட்டியபடியே இருக்கும், தண்ணீர் கொதித்தாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். திரவம் போனால் துண்டிக்கும்படி செய்த பாதுகாப்பு மாடல்கள் உண்டு, ஆனால் சாதாரண தெர்மோஸ்டாட்டில் அந்த ஏற்பாடு இருக்கும் என்று நம்பக் கூடாது. கட்-அவுட்டைத் தனியாக வைப்பதே இதற்காகத்தான்.

சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, குமிழை 40 டிகிரியில் வைத்து, குப்பியை மட்டும் நல்ல வெந்நீரில் முக்குங்கள். 'டிக்' என்று கேட்க வேண்டும், மல்டிமீட்டரில் தொடர்பு அறுபட வேண்டும். இல்லையென்றால் புதிது மாற்றுங்கள், மாட்டும்போது குழாயை நறுக்கென்று மடிக்காதீர்கள்.